ஆட்டம் கீதுங்களா

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் விழாமல், காற்றும் இல்லாமல் புழுங்கியது. இனிமேல் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று மூன்று மாதத்துக்கு முன் நானே சொல்லி அனுப்பிய ஒரு மனிதரின் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் மாப்பிள்ளை, தலையெல்லாம் புளிய இலையாக. வடக்கனந்தலிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் சொச்சத்தைச் சைக்கிளை ஓட்டியும், அதைத் தோளில் தூக்கியும் கடந்து வந்திருந்தார். இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் இரண்டாம் நாள் அது. வழியெங்கும் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. டாக்ஸிக்காரர்கள் வீட்டிலேயே இல்லை என்று அவர்களே உள்ளே இருந்து குரல் கொடுத்தார்கள்.

என் மூத்த மகள் சாந்திக்கு விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். அங்கே வந்து பார்த்த மருத்துவச்சி, பிள்ளையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

மாட்டு வண்டி கட்டினால் முதல் மரத்தோடு நின்றுவிடும். ஒருத்தியைப் படுக்கவும் வைக்கலாம், மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைக்கவும் செய்யலாம் என்கிற மாதிரி வண்டி எங்கள் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது இவருடைய மூன்று சக்கர சைக்கிள் வண்டி. வெட் கிரைண்டர் ஏற்றிப் போகிற வண்டி.

கதவைத் தட்டுவதற்கு முன் நான்கு வாக்கியங்களை மனதில் தயார் செய்துகொண்டேன். இரண்டில் மன்னிப்பு இருந்தது. அந்த நான்கும் ஏன் தேவைப்பட்டன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர் கள்ளக்குறிச்சியில் கிரைண்டர் விற்றார். விற்றார் என்று சொல்வது கூடச் சரியில்லை. விற்பது அவருக்கு ஒரு நாள் வேலை. விற்ற பிறகுதான் அவருடைய உண்மையான தொழில் தொடங்கும். மூன்றாம் நாள் வருவார். பதினைந்தாம் நாள் வருவார். முதல் மாதம் முடிந்ததும் வருவார். பிறகு தீபாவளிக்கு முன், பொங்கலுக்கு முன், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன். நடுவில் அந்தத் தெருவில் யார் வீட்டுக்காவது வந்தால் அதற்கும் சேர்த்து ஒரு நடை. வந்து வாசலில் நின்று கேட்பது ஒரே கேள்வி.

“ஆட்டம் கீதுங்களா?”

கிரைண்டர் ஓடும்போது கால் தரையில் பதியாமல் ஆடுகிறதா என்பது கேள்வி. ஆடினால் கல் ஒரு பக்கமாகத் தேயும், பெல்ட் அறும், மோட்டார் சூடாகும், மாவு திப்பியாக வரும் என்பது அவருடைய சித்தாந்தம். உலகத்தில் கெட்டுப்போகிற எதுவும் முதலில் ஆட்டத்தில்தான் தொடங்குகிறது என்று அவர் நம்பினார்.

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். தோளில் மஞ்சள் பை. அதற்குள் லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகள், மரக்கட்டைகள், ஒரு சுத்தி, இரண்டு பெல்ட். உள்ளே வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிக்க என்று நினைத்துக் கொடுப்போம். டம்ளர் தளும்பத் தளும்ப இருக்க வேண்டும், கொஞ்சம் குறைந்திருந்தாலும் நிரப்பச் சொல்வார். அதை ஓடுகிற கிரைண்டரின் பலகை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டு வழிந்தால் உட்கார்ந்து காலுக்கு அடியில் டயர் துண்டைச் செருகுவார். வழியாவிட்டால் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஆட்டம் இல்லிங்க” என்று சொல்லிப் போய்விடுவார். காசு கிடையாது. உட்காரவும் மாட்டார்.

எந்த வீடாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிப்பார். காலனியில் ஒரு அம்மாள் கூலிக்கு மாவாட்டிக் கொடுக்க ஒரு கிரைண்டர் வாங்கியிருந்தார். அங்கேயும் டம்ளர், அங்கேயும் ஒரே மூச்சு. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இதைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அடுத்த வாரம் எங்கள் தெருவில் பேச்சை எழுப்பியவர் வீட்டுக்கே போய், அவர் கொடுத்த தண்ணீரையும் அதே மாதிரி குடித்துவிட்டு வந்தார்.

அவர் என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம், “நமக்கு சர்வீஸுங்க” என்பார்.

நான் சர்வே துறையில் இருந்தவன். சங்கிலி பிடித்து நிலம் அளந்து அளந்து, எதையும் எண்ணாமல் விடுகிற பழக்கம் எனக்குப் போய்விட்டது. 1983 ஆவணியில் அவரிடம் முதல் கிரைண்டர் வாங்கினேன். 1987 ஆனி வரை என் வீட்டுக்கு அவர் வந்தது முப்பத்தெட்டு தடவை. என் சொந்தத் தம்பி அதே காலத்தில் வந்தது ஏழு தடவை. இது எனக்கு எரிச்சலைத் தந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை விரித்தால் வாசலில் அந்தக் குரல். என் மனைவிக்கோ அவர் வந்தால் ஒரு தெம்பு. “கேக்கறதுக்கு ஒரு ஆளு கீதே” என்பாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் டீக்கடை வைத்திருந்தவர், மலைக்கு மின்சாரம் வரப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இறங்கி வந்து ஒரு கிரைண்டர் வாங்கிப் போய்விட்டார். மின்சாரம் வரவில்லை. கிரைண்டர் கடையின் மூலையில் நின்றது. இவர் விடுவாரா? மூன்றாம் நாள் மலை பஸ் ஏறிவிட்டார். பதினைந்தாம் நாளும் ஏறினார். அந்த ஒரு கிரைண்டருக்காக அவர் மலைக்குப் போனது ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் மேலிருந்த தூசியைத் துடைத்து, ஓடாத கிரைண்டர் மேல் டம்ளரை வைத்து, தளும்பாததைப் பார்த்து, குடித்துவிட்டு, “ஆட்டம் இல்லிங்க” என்று சொல்லி இறங்கி வந்திருக்கிறார்.

நான் அவரைக் கேட்டேன்: “கரண்டே இல்லாதப்ப எதுக்குய்யா போறீங்க?”

“வாங்கிட்டாரேங்க சார்.”

“ஓடலையே.”

“ஓடலன்னு அவரு வருத்தத்துல கீறாரு. நாமளும் போவலன்னா, ஏமாந்துட்டோம்னு நெனைச்சிக்க மாட்டாரா?”

அந்த ஊருக்கு மின் கம்பி வந்த அன்று இவரும் போய்ச் சேர்ந்தார். மின்சாரம் அவ்வளவு பலவீனமாக இருந்ததாம், கல் செக்கு மாடு மாதிரிச் சுற்றியதாம். ஆனாலும் டம்ளர் தளும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த மலையில் டார்ச் லைட் வாங்குவதானாலும், ரேடியோ வாங்குவதானாலும், இவரைக் கேட்காமல் யாரும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் காசை எடுப்பதில்லை. இவர் ரேடியோ விற்கவே இல்லை என்பது வேறு விஷயம். கூடவே போய் வாங்கிக் கொடுப்பார். பதினைந்தாம் நாள் அந்த ரேடியோவையும் பார்க்கப் போவார்.

இப்படிப்பட்டவரை நான் ஏன் துரத்தினேன் என்றால், அந்த ஒரு சொல்லால்தான்.

சாந்தியை 1986 ஐப்பசியில் வடக்கனந்தலில் கொடுத்தோம். சீரில் ஒரு கிரைண்டர் வைத்தோம், இவரிடம் வாங்கியதுதான். வழக்கம்போல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆனி மாதம் ஒரு நாள் போனபோது வாசலில் சம்பந்தியம்மாள் புளியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று காலைதான் அந்த அம்மாளுக்கும் சாந்திக்கும் குழம்பில் உப்பு விஷயமாக ஒரு வார்த்தை முற்றியிருந்தது. சாந்தி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். இது எதுவும் தெரியாமல் இவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். பேச்சு முழுவதையும் சாந்தி சன்னல் வழியாகக் கேட்டுப் பிறகு எனக்குச் சொன்னாள்.

“இன்னாம்மா, ஆட்டம் ஜாஸ்தியா கீதா, கம்மியா கீதா?”

சம்பந்தியம்மாள் நிமிர்ந்தார். “யாரு ஆட்டம்?”

“இந்த வூட்டுதுதாம்மா. சர்வேயர் வூட்ல கேட்டாங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லிக்கீறேன்.”

“ஓ. சர்வேயர் கேட்டாரா. அவரு பொண்ணு சொல்லி அனுப்புனாளா, இங்க ஆட்டம் ஜாஸ்தின்னு?”

“அவங்க ஒண்ணும் சொல்லலம்மா. எல்லா வூட்லயும் கீறதுதான். வயசாவ ஆவ ஆட்டம் ஜாஸ்தியாவும். காலுக்கு ரெண்டு கட்டையைக் குடுத்து, மண்டையில லேசா ஒரு தட்டு தட்டினா அடங்கிடும்.”

சுத்தியை வேறு பையிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த அம்மாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மூட்டு வலியால் லேசாகச் சாய்ந்துதான் நடப்பார். என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புளி வாரும் முறத்தோடு எழுந்து நின்று, வண்டி தெருமுனை தாண்டும் வரை பேசியிருக்கிறார். மறுநாள் எனக்கு ஆள் வந்தது: வளைகாப்பை அவர்களே அங்கே போட்டுக்கொள்வார்கள், பெண்ணை அனுப்புவதாக இல்லை, பிரசவமும் அங்கேதான், கட்டையும் சுத்தியும் கொடுத்து அனுப்புகிற வீட்டில் அவர்கள் மருமகள் காலை வைக்க மாட்டாள்.

நான் இரண்டு தடவை போய் விளக்கினேன். “எனக்குத் தமிழ் தெரியும்ணே” என்றார் சம்பந்தியம்மாள். மூன்றாவது தடவை போகவில்லை.

இரண்டாவது தடவை போய்த் திரும்பிய அன்று மாலையே கிரைண்டர்காரரைக் கூப்பிட்டு, என் மகளின் தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டுக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள், இனி இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “சரிங்க சார்” என்றார். போகிறவர் திரும்பி, “உங்க வூட்டு பெல்ட்டு தேஞ்சிக்கினு வருது, ஆடிக்குள்ள மாத்திடணும்” என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். படியை மிதிக்கவில்லை. தெருவில் எதிர்ப்பக்க மின்கம்பத்தின் கீழே நின்று, “அம்மா, ஆட்டம் கீதுங்களா?” என்று கேட்பார். என் மனைவி உள்ளே இருந்து, “இல்லிங்க” என்பாள். நான் பத்திரிகைக்குப் பின்னால் இருப்பேன். அந்த மூன்று மாதத்தில் இப்படிப் பதினோரு தடவை. ஆடி மாதம் பெல்ட்டைத் தெருவிலிருந்தே எறிந்தார், என் மனைவி பிடித்துக்கொண்டாள். மாற்றுகிற விதத்தையும் அங்கிருந்தே சொல்லிக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள்.

அன்று காலை அந்தக் கடைக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“வடக்கனந்தல் தம்பியாச்சே. இன்னா, மோட்டாரு பூடிச்சா?”

“சாந்திக்கு வலி” என்றேன் நான். நான்கு வாக்கியத்தில் இது இல்லை.

அவர் உள்ளே போனார். வைக்கோல் கட்டு இரண்டு, ஒரு கோணிக் கட்டு, கயிறு, மெத்தை ஒன்று, கடைசியாக மஞ்சள் பை. “டிரம்மு ஒடையாம போறதுக்குப் போடற வைக்கோலுங்க, மெத்துனு இருக்கும்” என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, “அந்த வூட்டு கிரைண்டரயும் பாத்து மூணு மாசம் ஆச்சி” என்றார். அந்த நிமிடம் எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

போகும்போது ஒன்பது மரங்கள். ஏழு புளி, ஒரு வேம்பு, ஒரு வாகை. ஒவ்வொரு மரத்தருகிலும் இருபது முப்பது பேர். முதல் நாள் வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்திருந்ததால் யார் முகமும் நன்றாக இல்லை. ஆறாவது மரத்தில் ஓர் இளைஞன் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“வண்டி போவாது. திருப்பு.”

மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். “கூட வர்ற பெரியவரு யாரு? எந்த ஆளுங்க?”

நான் குடையைக் கை மாற்றிப் பிடித்தேன். நிலம் அளந்த காலத்தில் அந்தப் பக்கத்தில் எனக்கு வேண்டியவர்களை விட வேண்டாதவர்கள் அதிகம்.

“அவரு நம்ம கஸ்டமருங்க” என்றார் இவர்.

பின்னால் மரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். “டேய், கைய எடுடா. அது ஆட்டம்காரருடா. அண்ணே, எங்கம்மா உங்களைக் கேட்டுக்கினே கீது. நீங்க இன்னா ஆளுங்கன்னு மட்டும் எனக்கு இன்னிக்காவது சொல்லுங்க.”

“நமக்கு சர்வீஸுங்க.”

“சர்வீஸுக்கு எத்தினி சதவீதம் கேக்கறீங்க?”

அந்த இரண்டு நாளில் அந்தக் கூட்டம் சிரித்தது அப்போதுதான் இருக்கும். ஆறு பேர் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் இவர் கேட்டார்: “அம்மா வூட்ல ஆட்டம் கீதுங்களா?” கர்கர் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதாம். எப்போது வருகிறது, அரிசி போட்ட உடனேயா, அரைபட்ட பிறகா என்று அவர் விசாரித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் போயிற்று. “திரும்பி இப்பிடித்தான வருவோம், அம்மாவ வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். ஒன்பது மரத்திலும் இதேதான். அவரிடம் கிரைண்டர் வாங்கிய வீட்டுக்காரர் ஒருவராவது இல்லாத மரம் ஒன்றுகூட இல்லை.

வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பது. சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. “வந்துட்டியாப்பா” என்றாள். மாப்பிள்ளை மெத்தையை விரிக்க, நான் வைக்கோலைத் தட்டிப் போட, திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். சமையல்கட்டுக்குள் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் ஓடினேன். கிரைண்டர் மேல் டம்ளர். தண்ணீர் பாதிக்கு மேல் கொட்டிவிட்டிருந்தது. டம்ளரே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. எதிரே சம்பந்தியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இது இன்னாம்மா, இவ்ளோ ஆட்டம் ஆடுது?” என்றார் இவர்.

அந்த அம்மாளின் பார்வை டம்ளரில் இருந்து அவர் முகத்துக்கும், அவர் கையில் இருந்த கட்டைக்கும் போயிற்று. “இதத்தான் அன்னிக்குக் கேட்டியா?”

“வேற இன்னாத்தம்மா நான் கேப்பேன்?”

அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. “மூணு மாசமா ஆடுதுப்பா. ராத்திரியில தெருவே எழுந்துக்குது. உன்னைக் கூப்புட வாய் வரல. நாலு பழைய பஞ்சாங்கத்த மடிச்சி வெச்சிப் பாத்தேன், நிக்கல.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, பொண்ண அழைச்சிக்கினு போங்க. நானும் வரேன். என் புத்திய சொல்லணும்” என்றார்.

“கிரைண்டர நிறுத்துங்க” என்று நான் கத்தினேன். அவர் நிறுத்தினார். ஆனால் டயர் துண்டைச் செருகிவிட்டுத்தான் எழுந்தார். ஐம்பது வினாடி.

திரும்பும் வழி வேறு மாதிரி இருந்தது. செய்தி மரத்துக்கு மரம் போயிருந்தது. முதல் மரத்திலேயே எட்டுப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றார்கள். வண்டிக்குள் சாந்தி, பக்கத்தில் அவள் மாமியார், ஆகக் கனம் கூடியிருந்தது. “தளும்பாம தூக்குங்க” என்றார் இவர். எட்டுப் பேரும் தோளில் வைத்து, கிளைகளுக்கு நடுவே கால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். இறக்கி வைத்ததும் ஒருவர் கேட்டார்: “தங்கச்சி, ஆட்டம் இருந்திச்சா?” சாந்தி வலிக்கு நடுவில் சிரித்தாள்.

ஆனால் பெண்களும் வந்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி அறுந்த பெல்ட்டைக் கழற்றியே கொண்டுவந்திருந்தாள். ஒருத்தி திப்பியாக வந்த மாவை இலையில் எடுத்து வந்து நீட்டினாள். அவர் அதை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். நான்காவது மரத்தில் கர்கர் சத்தக்காரரின் அம்மா வந்து நின்றபோது, ஒரு கையில் குடையும் ஒரு கையில் கடிகாரமுமாக நான் நடுரோட்டில் கத்தினேன். “யோவ், பொண்ணு செத்துக்கினு கீது, நீ மாவ மோந்து பாத்துக்கினு கீற. இதுவரைக்கும் நாலரை நிமிஷம் போச்சு. உனக்கு வியாபாரம் பெருசா, உசுரு பெருசா?”

அவர் கையிலிருந்த மாவைத் துண்டில் துடைத்துக்கொண்டார். முகம் சுருங்கிப்போயிற்று. அப்போது அந்தக் கூட்டத்தில் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் முன்னால் வந்தார்.

“யாருக்கு வலி?” என்றார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். சாந்தியின் வயிற்றில் கையை வைத்தார். பெல்ட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். அவர் அந்தப் பக்கத்துச் சுகாதார நிலைய நர்ஸ். மறியலால் வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருந்தவர், ஆட்டம்காரர் இந்த வழியாக வருகிறார் என்று கேள்விப்பட்டு, பெல்ட் மாற்றிக்கொள்ளலாம் என்று ரோட்டுக்கு வந்தவர்.

“பொண்ண இடது பக்கமா படுக்க வைங்க. மல்லாக்கப் போட்டு யாரு இம்மா தூரம் கொண்டாந்தது?” என்று எல்லோரையும் திட்டினார். அடுத்த ஏழு கிலோமீட்டரும் அவர் சாந்தியின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. மூச்சை எப்போது இழுக்க வேண்டும், எப்போது முக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரிடம் அவரே நான்கு வார்த்தை சொன்னார். ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால், அல்லது வழியில் அந்த அம்மாள் ஏறாமல் இருந்திருந்தால் என்று டாக்டர் பிறகு ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மதியம் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு கிராம். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸம்மா வந்து சொன்னபோதுதான் கவனித்தேன். அவருடைய பெல்ட் இன்னும் என் கையில் இருந்தது.

வெளியே வந்தேன். அவர் வண்டியில் கிடந்த வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். பாதம் இரண்டும் பெடலில் தேய்ந்து வீங்கியிருந்தன. நான் வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “பொண்ணு” என்றேன்.

“நல்லதுங்க.”

“வண்டிக்கு எவ்வளவு ஆச்சு?” மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினேன்.

“இன்னாத்துக்குங்க? நான் கிரைண்டர் பாக்கத்தான சார் வந்தேன்.”

பையில் திணித்தேன், எடுத்து என் பையில் திணித்தார். மறுபடி திணித்தேன். ஆஸ்பத்திரிக் காவலாளி எங்களுக்குள் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார். கடைசியில் நோட்டுகள் என் கையில் இருந்தன. அவர் போய்விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைத் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு குனிந்து சாந்தி படுத்திருந்த இரும்புக் கட்டிலின் காலைப் பிடித்து அசைத்துப் பார்த்து, டயர் துண்டு ஒன்றைச் செருகினார். பக்கத்துக் கட்டில்காரி தனக்கும் ஒன்று கேட்டாள். அந்த வார்டில் இருந்த பதினான்கு கட்டிலையும் முடித்துவிட்டுத்தான் போனார். பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். மின்கம்பத்தின் கீழே நின்றார். நான் எழுந்து போய், உள்ளே வாங்க என்றேன். “படிய மிதிக்கக் கூடாதுன்னீங்களே சார்” என்றார். குத்திக் காட்டவில்லை, சந்தேகம் கேட்டார். மிதிக்கலாம் என்று சொன்னேன். அந்த வருடம் முடிவதற்குள் ஆறு தடவை மிதித்தார்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் அவர் கடை இருந்தது. ஒரு தடவைகூட ஒரு பொருளை வாங்குங்கள் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. நான்தான் அந்தக் கடையைத் தாண்டி நடக்க முடியாதவனாக ஆனேன். அடுத்த இரண்டு பெண்களின் சீருக்கும் அங்கேதான். சேலத்தில் முந்நூறு ரூபாய் கம்மி என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான், அவன் பெண்ணுக்கும் அங்கேதான் வாங்க வைத்தேன். பேத்தி வயதுக்கு வந்தபோது ஒன்று. நானும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு மூன்றாவது கிரைண்டர் ஒன்று. இரண்டு பேருக்கு எத்தனை இட்லிதான் வேண்டும் என்று அவள் கேட்டாள். மிக்ஸி விற்க ஆரம்பித்தார், மிக்ஸி. மின்விசிறி விற்க ஆரம்பித்தார், நான்கு மின்விசிறி. அவர் காலமான செய்தி வந்த அன்று சாயங்காலம், எல்லா ரசீதுகளையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அந்த முப்பது ரூபாயை அவர் வாங்கிக்கொள்ளாததால் எனக்கு ஆன செலவு, நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.